கார்சியா த ஓர்த்தாவின் உரையாடல் நூல்: வடிவமும் அறிவுமுறையும்

முன்னுரை

போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இந்திய மருந்துப் பொருள்கள் குறித்து எழுதிய நூல் 1563இல் கோவாவில் அச்சிடப்பட்டது. அதன் மருத்துவச் செய்திகள் பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளன. அச்செய்திகளைத் தாங்கிநிற்கும் உரையாடல் வடிவமும் ஒரு சான்றே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாழ்க்கைப் பின்புலம்

ஓர்த்தாவின் பெற்றோர் 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள். போர்த்துகலில் குடியேறிய அவர்கள் 1497இல் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். சலமான்கா, அல்கலா பல்கலைக்கழகங்களில் பயின்ற ஓர்த்தா, லிஸ்பனில் கற்பித்தார். 1534இல் இந்தியா வந்து, கோவாவில் மருத்துவராக வாழ்ந்து 1568இல் மறைந்தார்.

கோவாவில் சமய விசாரணை மன்றம் 1560இல் நிறுவப்பட்டது. ஓர்த்தா மறைந்த மறு ஆண்டில், யூத நெறியை மறைவாகப் பின்பற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவருடைய சகோதரி கத்தரினா எரித்துக் கொல்லப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன.

உரையாடல் வடிவம்

நூலில் 59 உரையாடல்கள் உள்ளன. ஓர்த்தாவுடன் உரையாடும் ருவானோ கற்பனைப் பாத்திரம், ஸ்பெயினில் கற்றவர், கிரேக்க நூலாசிரியர்களின் கூற்றை எடுத்துக்காட்டி வினவுபவர். ஓர்த்தா தாம் கண்டதையும் உள்ளூர் மருத்துவர்களிடம் கேட்டதையும் கொண்டு விடையளிக்கிறார். ஸ்பெயினில் இருந்திருந்தால் கேலனுக்கு எதிராகப் பேசத் துணிந்திருக்க மாட்டேன் என்றும் நூலில் கூறுகிறார். அந்தோனியா என்னும் பணிப்பெண் மருந்துப் பொருள்களைக் கொண்டுவந்து காட்டுகிறாள். இவ்வாறு ஐயம், மறுப்பு, நேர்க்காட்சி ஆகிய மூன்றும் வாசகர் கண்முன் நிகழ்கின்றன.

வாந்திபேதி நோய் பற்றிய உரையாடல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தம் மருத்துவத்தோடு உள்ளூர் மருத்துவத்தையும் ஓர்த்தா அதில் பதிவு செய்கிறார். மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை நோயாளிக்குக் கொடுப்பர் என்று கூறி, அதன் பெயரைக் ‘கஞ்சே’ எனக் குறிக்கிறார். தமிழ், மலையாள வழக்கிலுள்ள ‘கஞ்சி’ என்னும் சொல்லே இது. மருந்தோடு அதன் பெயரும், அதைக் கொடுப்போரும் உடன் பதிவாகியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

இலத்தீன் சுருக்கம்

1567இல் கரோலஸ் குளூசியஸ் இந்நூலை இலத்தீனில் சுருக்கி ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார். ஐரோப்பிய அறிஞர் பலர் ஓர்த்தாவை அறிந்தது இதன் வழியேயாகும். குளூசியஸ் உரையாடல் வடிவத்தை நீக்கிப் பொருள்வாரியாகத் தொகுத்தார். மருந்தின் இயல்பு எஞ்சியது. வினவிய ருவானோவும், பொருளைக் கொண்டுவந்த அந்தோனியாவும் மறைந்தனர்.

முடிவுரை

அக்கால ஐரோப்பாவில் உரையாடல் பரவலான இலக்கிய வகையாகும். ஆதலின், விசாரணை மன்றத்துக்கு அஞ்சியே ஓர்த்தா அதனைத் தேர்ந்தார் எனத் துணிதல் பொருந்தாது. ஆயினும், தம் சமய வாழ்வை வெளிப்படையாகப் பேச இயலாத ஒருவர், மருத்துவத்தில் மரபின் அதிகாரத்தை வெளிப்படையாக வினவ இவ்வடிவம் இடமளித்தது. எனவே, ஓர்த்தாவைச் சான்றாகக் கொள்வோர் ஒரு செய்தியை மட்டும் பிரித்தெடுக்காமல், அதைக் கூறியவர் யார், மறுத்தவர் யார் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.