மாற்றியமைத்த பழைய கார்: அதன் உண்மை மதிப்பை அறிவது எப்படி?



ஒரு நடுத்தரக் குடும்பம், வீட்டுக்கும் நகைக்கும் அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் கார்தான். புதிய கார் வாங்க இயலாதவர்கள் பழைய காரை நாடுகின்றனர். முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளுடன் ஊருக்குப் போய் வரவும் ஒரு வண்டி வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். பல ஆண்டுச் சேமிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் தரகர் முன் நிற்கின்றனர். அப்போது அங்கே பளபளக்கும் ஒரு கார் கண்ணில் படுகிறது. அகன்ற டயர்கள், அலாய் வீல்கள், பின்னால் ஸ்பாய்லர், உள்ளே பெரிய மியூசிக் சிஸ்டம். "இதற்கு மட்டும் ஒன்றேகால் லட்சம் செலவழித்திருக்கிறார்கள்" என்கிறார் தரகர். பிள்ளைகளின் கண்கள் அதைவிட்டு அகல மறுக்கின்றன.

இவ்விடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். ஒரு பொருளுக்காகச் செலவழித்த தொகை ஒன்று. அப்பொருளின் மதிப்பு மற்றொன்று. முந்தைய உரிமையாளர் தம் விருப்பத்திற்காகச் செலவழித்ததை அடுத்தவர் ஏன் சுமக்க வேண்டும்? மாற்றம் செய்யப்பட்ட காரின் விலையைக் கணிக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. மாற்றம் செய்யாத அதே காரின் விலையிலிருந்து தொடங்க வேண்டும். பயன்தரும் பொருள்களைப் பழைய பொருளாக மதித்துக் கூட்ட வேண்டும். பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம்

காரைச் சுற்றிப் பார்க்கும் முன் அதன் பதிவுச் சான்றைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வண்ணம் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எனினும் எல்லா மாற்றங்களும் தடுக்கப்பட்டவை அல்ல. அங்கீகரிக்கப்பட்ட கருவியைக் கொண்டு சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. எரிவாயுவுக்கு மாற்றலாம். மாற்றுத்திறனாளிகள் கையாலேயே இயக்கும் வகையில் வண்டியை அமைத்துக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் இவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்கப்பட்டு ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

எனவே என்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், நிறம் ஆகிய நான்கையும் ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும், "பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்ற சொல்லை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவரே முதலில் சரிசெய்து தரட்டும்.

மாற்றங்கள் மூன்று வகை

முதல் வகை, எளிதில் கழற்றி மாட்டக்கூடியவை. சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அதே அளவிலான அலாய் வீல் போன்றவை இதில் அடங்கும். இவற்றைத் தனியே பழைய பொருளாக விற்றால் என்ன கிடைக்குமோ, அதுவே இவற்றின் மதிப்பு. அதற்கு மேல் தர வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, சட்டப்படி பதிவு செய்யப்பட்டவை. எரிவாயுக் கருவி இதற்கு நல்ல சான்று. ஆர்.சி.யிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் அது குறிக்கப்பட்டிருந்தால் மதிப்பு உண்டு. சி.என்.ஜி. சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தியிருக்க வேண்டும். அந்தச் சான்றையும் கேளுங்கள். பதிவு செய்யாத எரிவாயுக் கருவி விலையைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கவே செய்யும். விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க அது காரணமாகலாம். கை இயக்கக் கருவி பொருத்திய காரோ, அது தேவைப்படும் ஒருவருக்குப் பெரும் மதிப்புடையது. மற்றவருக்கு அதனைக் கழற்றும் செலவுதான் மிஞ்சும்.

மூன்றாம் வகையே ஆபத்தானது. காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டுவது, சைலன்சரை மாற்றி ஓசையைக் கூட்டுவது, என்ஜினின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து வேகத்தை ஏற்றுவது, அளவுக்கு மீறிய டயர் போடுவது ஆகியவை இவ்வகை. வெட்டிய ஸ்பிரிங் வண்டி மேடு பள்ளத்தில் குதிக்கும்போது தன் இடத்தைவிட்டு நழுவக்கூடும். டயரின் உட்புறம் வேகமாகத் தேயும். சக்தியைக் கூட்டிய என்ஜினால் டர்போவும் கிளட்சும் விரைவில் தளரும். கூடுதல் விளக்குக்காக ஒயரை வெட்டி டேப் சுற்றி இணைத்து, ஃபியூசும் ரிலேவும் இல்லாமல் விட்டிருந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பெட்ரோல் செலவைக் கணக்கிடும் நாம், நம் பிள்ளைகளின் உயிரைக் கணக்கில் கொள்ளாமல் இருக்கலாமா?

பெரிய டயரில் இன்னொரு மறைவும் உண்டு. டயரின் சுற்றளவு 5 விழுக்காடு கூடினால், மீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டும்போது கார் உண்மையில் 63,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். வேகமும் அவ்வாறே குறைவாகக் காட்டும்.

கண்ணாடியையும் கவனியுங்கள். கறுப்புப் படலத்தை 2012இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. காரின் முன்னே பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்புகளை அனுமதிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017இல் மாநிலங்களுக்கு எழுதியது. இவற்றை அகற்றும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாற்றமில்லாத ஒரு கார், அதே ஆண்டு, அதே மாடல், ஏறத்தாழ அதே ஓட்டம், 4,00,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். உரிமையாளர் அலாய் வீலுக்கு 50,000, மியூசிக் சிஸ்டத்துக்கு 30,000, சைலன்சருக்கும் ஸ்பிரிங்குக்கும் 40,000 என 1,20,000 ரூபாய் செலவழித்துள்ளார். ஆகவே 5,20,000 கேட்கிறார்.

நம் கணக்கு வேறு. பழைய வீல் 15,000, பழைய மியூசிக் சிஸ்டம் 8,000. ஆக 23,000 கூட்டலாம். சைலன்சரையும் ஸ்பிரிங்கையும் கம்பெனிப் பொருளாக வாங்கி மாற்ற, கூலியுடன் 25,000 ஆகும். அதைக் கழித்தால் காரின் நியாயமான விலை 3,98,000 ரூபாய்தான். ஒன்றேகால் லட்சத்திற்கு அருகில் செலவழித்த கார், செலவே செய்யாத காரைவிட விலை குறைந்துவிட்டது!

அதே உரிமையாளர் கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் என்ன? மாட்டும் கூலி 7,000 மட்டுமே. அப்போது விலை 4,16,000 ஆகிறது. ஆகவே, காரை மாற்ற விரும்பும் இளைஞர்கள் கம்பெனிப் பாகங்களை பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது.

இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும். கணக்கிடும் முறை மாறாது. விலை பேசும் முன், தரகருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைத் தூக்கிக் காட்டி, சீராக்கும் செலவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டே பேரத்தில் உங்களுக்குத் துணை நிற்கும்.

விற்பவரின் கடமை

இதுவரை வாங்குபவரைப் பற்றிப் பேசினோம். நம்மில் விற்பவர்களும் இருக்கிறோம். விற்பதற்கு முன் ஒலியைக் குறைத்து, ஒயரை மறைத்து, புதுப் பெயின்ட் அடித்துக் காட்டுவது வணிகச் சாமர்த்தியம் என்று சிலர் கருதுகின்றனர். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காரில் நனைந்த தானியம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. வெட்டிய ஸ்பிரிங்கையும் ஒட்டுப்போட்ட ஒயரையும் விற்பவரே திறந்து காட்ட வேண்டும். செய்த மாற்றங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

உரிமை மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். 29, 30 எண் படிவங்களை நிரப்பி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்ப்பித்து, காப்பீட்டையும் புதியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். கார் பல கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. விற்று மறந்துபோன கார் ஏற்படுத்தும் விபத்துக்கு, விற்றவரே இழப்பீடு கட்ட நேரிடலாம்.

அன்பிற்குரியவர்களே! அடுத்த முறை பளபளக்கும் ஒரு காரின் முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மாற்றம் ஆர்.சி.யில் இருக்கிறதா? இது என் குடும்பத்துக்குப் பயன்படுமா? இதை அகற்ற எவ்வளவு ஆகும்? விடை கிடைத்த பின்னரே விலை பேசுங்கள். விற்கும் நாளில், வாங்குபவர் கேட்கும் முன்னரே அந்த மூன்றுக்கும் நீங்கள் விடை சொல்லிவிடுங்கள்.