விளையாட்டில் ஒரு கட்டுப்பாட்டு அறை

நுழையும்முன்

இடருற்றவர் எழுப்பும் குரலுக்கும் அவரை வந்தடையும் உதவிக்கும் இடைப்பட்ட காலம் உயிரின் விலை உடையது. அக்காலத்தை ஆளும் பணியை இளைஞர்கள் இன்று இணையவழி விளையாட்டாகவும் பயில்கின்றனர். அவ்விளையாட்டின் களம் தாம்பரமாக அமைந்தால், அது மெய்ம்மையோடு பொருந்த எவையெவை வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடுவது, நம் ஊரையும் நம் கடமையையும் அறிந்துகொள்வதாகவே முடிகிறது.

ஓர் எண்ணின் வரலாறு

1935ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், லண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அண்டைவீட்டார் ஒருவர் தீயணைப்புத் துறையைத் தொலைபேசியில் அழைத்தார். தொலைபேசி நிலையத்தில் அவ்வழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்திருந்தது. அத்தீயில் பெண்கள் ஐவர் மாண்டனர். எல்லா அழைப்புகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது தவறு என்னும் உண்மையை அத்துயரம் உணர்த்தியது. அதன் விளைவாக, 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் 999 என்னும் அவசர எண் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு 911 தொடங்கியது. நம் நாட்டில் 108 சேவை 2005ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கி, 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழகத்திற்கு வந்தது.

தமிழகத்தின் எந்தப் பகுதியிலிருந்து 108ஐ அழைத்தாலும், அவ்வழைப்பு கட்டுப்பாட்டு அறையைச் சென்றடைகிறது. என்ன நேர்ந்தது, எங்கே, எத்தனை பேர் என்பனவற்றை அங்குள்ளோர் கேட்டறிகின்றனர். பொருத்தமான ஆம்புலன்ஸைத் தேர்ந்து அனுப்புகின்றனர். இப்பணியே மேலாண்மை விளையாட்டுகளின் கருப்பொருளாகும்.

திரையில் விரியும் ஊர்

ஜெர்மனியில் தோன்றி, 'மிஷன் சீஃப்' என்னும் பெயரில் ஆங்கிலத்திலும் வழங்கும் இணையவழி விளையாட்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. விளையாடுவோர் உண்மையான வரைபடத்தின்மேல் தீயணைப்பு நிலையங்களையும் மருத்துவமனைகளையும் அமைக்கின்றனர். வரைபடத்தில் இடர்கள் தோன்றத் தோன்ற, உரிய ஊர்திகளை அனுப்புகின்றனர். போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கி 2017இல் வெளிவந்த '911 ஆபரேட்டர்', அழைப்பவருடன் உரையாடி முதலுதவி சொல்லித்தரும் பொறுப்பையும் விளையாடுபவருக்கு அளிக்கிறது. அதில் உலகின் பல நகரங்களைக் களமாகத் தேர்ந்துகொள்ளலாம். தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் திறந்த வரைபடமே இதற்கு அடிப்படை.

ஆகவே, தாம்பரத்தையும் குரோம்பேட்டையையும் திரைக்குக் கொண்டுவருவது அரிதன்று. தெருக்கள் வந்துவிடும்; ஆனால் தெருக்களின் இயல்பு தானே வந்துவிடுவதில்லை. ஊர்தியின் வண்ணமும் சங்கொலியும் நேரில் கண்டதுபோல் இருந்தால் அதனை மெய்ம்மை எனக் கருதுவோர் உளர். மேலாண்மை விளையாட்டின் மெய்ம்மை காட்சியில் இல்லை. அதன் விதிகளில் உள்ளது.

தொலைவா, நேரமா?

'மிக அருகிலுள்ள ஊர்தியை அனுப்புக' என்பது எளிய விதி. தாம்பரத்தைக் கிழக்கு, மேற்கு என இருப்புப்பாதை பிரிக்கிறது. பாதையின் இருபுறமும் உள்ள இரு இடங்கள் நேர்க்கோட்டில் மிக நெருங்கியிருக்கலாம். எனினும், ஊர்தி மேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடிச் சென்றே மறுபுறம் சேர இயலும். பறவை செல்லும் தொலைவு வேறு. சக்கரம் செல்லும் தொலைவு வேறு.

சாலைவழித் தொலைவும் முழு உண்மையைக் கூறுவதில்லை. நான்கு கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊர்தியும், ஆறு கிலோமீட்டர் தொலைவில் மற்றோர் ஊர்தியும் நிற்பதாகக் கொள்வோம். முதலாவது, மாலை நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 12 நிமிடங்களாகும். இரண்டாவது, நெரிசலற்ற வழியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 9 நிமிடங்களே ஆகும். தொலைவில் நின்றதே முந்தி வருகிறது!

நெரிசலும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. பொங்கல், தீபாவளி நாள்களில் தென்மாவட்டங்களுக்குச் செல்வோரால் பெருங்களத்தூர் நெடுங்காலம் திணறியது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், கூட்டம் திரளும் இடமும் தெற்கே நகர்ந்தது. நாளும் பொழுதும் ஊரின் மாற்றமும் அறிந்து வேகத்தைக் கணக்கிடும் விளையாட்டே மெய்ம்மையை நெருங்கும்.

ஊர்தி எப்போது விடுபடும்?

எளிமையாக அமைந்த விளையாட்டில், ஊர்தி இடத்தை அடைந்தவுடன் பணி நிறைவேறியதாகக் கொள்ளப்படும். உண்மையில் அது பணியின் தொடக்கமே. நோயாளியை மாடியிலிருந்து இறக்க வேண்டும்; முதலுதவி அளிக்க வேண்டும்; தக்க மருத்துவமனையைத் தேர வேண்டும்; அங்கு ஒப்படைத்தபின் ஊர்தியைத் தூய்மைசெய்து திரும்ப வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை தேவை; எலும்பு முறிந்தவருக்கு அறுவை மருத்துவர் தேவை. அருகிலுள்ள மருத்துவமனையும் உரிய மருத்துவமனையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இத்தனையும் முடியும்வரை அவ்வூர்தி மற்றோர் அழைப்புக்கு உதவாது. ஓர் ஊர்தி பத்து மணி நேரத்தில் மூன்று மணி நேரம் பணியிலிருப்பதாகக் கொண்டால், அழைப்பு வரும்போது அது கிடைக்காமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது. அத்தகைய இரண்டு ஊர்திகள் ஒன்றையொன்று சாராமல் இயங்கினால், இரண்டும் ஒருசேரக் கிடைக்காமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதாகக் குறையும். நகர அவசர ஊர்திகளின் இவ்வியல்பை அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் லார்சன் 1974ஆம் ஆண்டில் கணித மாதிரியாக வகுத்தளித்தார். ஊர்திகளை எங்கெங்கே நிறுத்துவது என்பதை ஆராய அம்மாதிரி பயன்பட்டு வருகிறது.

ஓர் ஊர்தியை அனுப்பும்போது, அது நின்ற பகுதி காவலின்றிப் போகிறது என்பதும் கருதத்தக்கது. சேலையூர் ஊர்தி பல்லாவரத்திற்குச் சென்றால் சேலையூரைக் காப்பது யார்? வந்த அழைப்பைப் போலவே வரவிருக்கும் அழைப்பையும் எண்ணச்செய்யும் விளையாட்டே மேலாண்மையைக் கற்பிக்கும்.

குரல் என்னும் முதல் தடயம்

திரையில் இடர் நிகழ்ந்த இடம் செம்புள்ளியாகத் தோன்றும். வாழ்க்கையில் அப்புள்ளியை அழைப்பவரின் சொற்களே வைக்கின்றன. 2021ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தனித்தனியே வளர்ந்த ஊர்கள் இவை. காந்தி தெரு என்றும் பாரதி நகர் என்றும் முதல் குறுக்குத் தெரு என்றும் மட்டும் சொன்னால், எந்த ஊரின் தெரு என்னும் ஐயம் எழக்கூடும். பதற்றத்தில் இருப்பவர் தெருவின் பெயரைவிட, "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்", "ரேஷன் கடைக்கு எதிரில்" என்றே அடையாளம் சொல்வார்.

ஆகவே, விளையாட்டிலும் செம்புள்ளி உடனே தோன்றலாகாது. குழப்பமான உரையாடலிலிருந்து இடத்தை உய்த்துணரும் பொறுப்பு விளையாடுபவருக்கு வேண்டும். ஒரே விபத்தைப் பற்றிப் பத்துப்பேர் அழைக்கலாம். அவை பத்து விபத்துகள் அல்ல என்பதை அவர் அறிய வேண்டும். வீண் அழைப்பும் இடையிடையே வர வேண்டும். அவ்வழைப்பு வேறொருவரின் நேரத்தைப் பறிக்கிறது என்பது விளையாடும்போதே புலப்படும்.

அருகில் நிற்பவரையும் விளையாட்டு மறத்தலாகாது. இதயத்துடிப்பு நின்றவருக்கு உடனடி உதவி கிடைக்காவிடின், அவர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துமாறு தொலைபேசியிலேயே வழிகாட்டினால், ஊர்தி வருமுன்னரே மருத்துவம் தொடங்கிவிடும். 'உதவினால் வழக்கில் சிக்குவோமோ' என்னும் அச்சம் சிலரைத் தடுக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுவோரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கிறது. அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கவும் அத்திருத்தம் இடமளிக்கிறது. தயங்கும் வழிப்போக்கரும் துணியும் வழிப்போக்கரும் விளையாட்டில் இடம்பெற்றால், ஊர்திகளின் எண்ணிக்கை மட்டுமே உயிர்காப்பதில்லை என்பது தெளிவாகும்.

வரைபடம் மாறிய நாள்

இரண்டு ஊர்திகளும் ஒருசேரக் கிடைக்காமற்போகும் வாய்ப்பு குறைவு என்று கண்டோம். அழைப்புகள் தனித்தனியே வரும்வரையில்தான் அக்கணக்கு பொருந்தும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசியும் செயலிழந்தது. உதவி தேவைப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்; அழைக்க வழியற்றிருந்தோரும் பலர். சக்கரம் செல்ல இயலாத தெருக்களில் படகுகள் சென்றன. மீட்புப் படையினருடன் மீனவர்களும் தம் படகுகளோடு வந்து மக்களை மீட்டனர். தாம்பரம் விமானப்படைத் தளம் மீட்புப் பணிகளுக்குப் பயன்பட்டது.

அந்நாள்களில் தன்னார்வலர்கள் செய்த ஒரு பணி இங்கு நினைக்கத்தக்கது. அவர்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவுகளைக் கொண்டு இணையவழி வெள்ள வரைபடம் ஒன்றை அமைத்தனர். நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே அதில் குறித்தனர். முந்தைய நாள்வரை வழியாக இருந்தது, அன்று வழியன்று என்பதை அவ்வரைபடம் காட்டியது. விளையாட்டுக்கு அடிப்படையாகும் அதே வரைபடம், மக்களின் அறிவு சேர்ந்தபோது உயிர்காக்கும் கருவியாயிற்று.

வெள்ள நாளை விளையாட்டில் அமைக்க விரும்புவோர் மழைத்துளிகளைத் திரையில் காட்டினால் போதாது. தெருக்கள் ஒவ்வொன்றாக மூட வேண்டும். அழைப்புகள் பெருகிப் பின்னர் திடீரென ஓய வேண்டும். அழைப்பு வராத பகுதி நலமாக உள்ளது என்று எண்ணுபவர் தோற்க வேண்டும். அமைதியும் ஓர் அபாயக்குரல் என்பதை உணர்பவர் வெல்ல வேண்டும்.

மெய்ம்மையின் எல்லை

மெய்ம்மை என்பது குருதியையும் கதறலையும் அப்படியே காட்டுவதன்று. பிறர் துயரைக் காட்சிப்பொருளாக்குவது விளையாட்டின் நோக்கமாகாது. ஒவ்வொரு முடிவுக்கும் விளைவு உண்டு, எல்லாரையும் ஒரே நேரத்தில் காக்க இயலாத நிலையும் உண்டு என்று காட்டுவதே போதுமான மெய்ம்மை. விளையாட்டில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அந்த வேறுபாட்டை மறவாதவருக்கே விளையாட்டு பாடமாகும்.

தாம்பரத்தை நன்கறிந்த மாணவர் ஒருவர், எந்தச் சுரங்கப்பாதையில் மழைநீர் முதலில் தேங்கும், எந்தத் தெருவில் பெரிய ஊர்தி திரும்ப இயலாது என்பனவற்றை அறிவார். அவ்வறிவு வரைபடத்தில் சேரும்போது விளையாட்டு மெய்ம்மை பெறும். அதுவே நாளை ஓர் அழைப்பின்போது தெளிவான சொற்களாக வெளிப்படுமானால், முகமறியா ஒருவருக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டை அடைவதற்கான வழியை, அவ்வூரை அறியாத ஓட்டுநருக்கு மூன்று தொடர்களில் கூறிப் பழகுக.

2. உங்கள் பகுதியில் அவசர ஊர்தி செல்லத் தடையாக உள்ளவற்றைக் குறித்து வரைபடம் ஒன்றை உருவாக்குக.

3. 'அருகில் உள்ளதே விரைவில் வரும்' என்னும் கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் கலந்துரையாடுக.