தாயமும் பல்லாங்குழியும் சொல்லித் தரும் கணக்கு

பரண் மேல் தூசி படிந்து கிடக்கும் பல்லாங்குழிப் பலகையையும், அலமாரி மூலையில் உருண்டு கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டையையும் கீழே எடுங்கள் என்று சொன்னால், "விளையாட நமக்கு ஏது நேரம்?" என்றுதான் சகோதரிகள் பலரும் கேட்பீர்கள். அடுப்படி வேலை முடிந்து அரை மணி நேரம் கிடைத்தால் போதும். எந்த வீச்சுக்கு எத்தனை, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், கடைசியில் கணக்கை எப்படித் தீர்ப்பது என்று நம் பாட்டிமார்கள் வகுத்து வைத்திருப்பதை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கில் பாதி அதற்குள்ளே இருக்கிறது.

எங்கள் ஊர் நயினார்கோவில். பரமக்குடியிலிருந்து பஸ் ஏறினால் வந்து விடலாம். நாகநாத சுவாமி கோவிலால் பெயர் பெற்ற ஊர். சிவராத்திரி அன்று கண் விழிப்பதற்காகத் திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் போட்டுத் தாயம் உருட்டுவோம். தாயக்கட்டை இல்லாத வீட்டில் சோழி. ராமேஸ்வரம் போகிறவர்கள் அங்கே கடைகளில் ஒரு கை சோழி வாங்கி வருவார்கள். அதுவும் இல்லையா? புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான தரையில் தேய்த்தால் வெள்ளையாகி விடும். செலவில்லாத தாயக்கட்டை!

கணக்கு அன்றைக்கு வயிற்று வலி

எங்கள் சின்ன மகள் நான்காம் வகுப்புப் படித்தபோது, காலையில் எழுந்ததும் "அம்மா, வயிறு வலிக்குது" என்பாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, ஓம வாட்டர் கொடுத்தாயிற்று. பரமக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். எல்லாம் சோதித்துப் பார்த்து விட்டு, "எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள்" என்றார். இரண்டு வாரம் குறித்ததில் விஷயம் வெளியே வந்தது. கணக்குப் பரீட்சை வைக்கிற நாளில்தான் வலி! "குழந்தை பொய் சொல்லவில்லை. பயத்தினாலும் நிஜமாகவே வயிறு வலிக்கும். பயத்தைப் போக்குங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

(காய்ச்சல், வாந்தி, எடை குறைவது, தூக்கத்திலிருந்தே எழுப்புகிற வலி இவை இருந்தால் பயம் என்று நாமாகவே முடிவு கட்டி விடக் கூடாது. முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.)

பயத்தைப் போக்க மருந்துக் கடையில் மாத்திரை கிடையாதே! என் மாமியார்தான், "புள்ளைய எங்கிட்ட விடுத்தா, நான் பாத்துக்கறேன்" என்றார். மகளுக்கோ சிரிப்பு. "அப்பத்தா, உங்களுக்கு வகுத்தல் தெரியுமா?" என்று கேட்டாள்.

"வகுத்தலா? அது என்னமோ எனக்குத் தெரியாது. குழிக்கு அஞ்சு போடத் தெரியும். வா, உக்காரு."

குழிக்கு ஐந்து

பல்லாங்குழி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். ஆளுக்கு ஏழு குழி, மொத்தம் 14. குழிக்கு ஐந்து காய், ஆக 70. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வரிசையாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக் கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்து விட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக் கொள்ளலாம். அதுவும் காலி என்றால் ஒன்றும் கிடையாது, ஆட்டம் எதிராளிக்குப் போகும். நடுவில் ஏதாவது குழியில் சரியாக நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. குழி யார் பக்கமோ அவர்களுக்கு.

இது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. ருசி எல்லாம் ஆட்டம் முடிந்து கணக்குத் தீர்ப்பதில்தான் இருக்கிறது.

முதல் ஆட்டத்தில் அப்பத்தாவிடம் 43, பேத்தியிடம் 27. "குழிக்கு அஞ்சா உன் பக்கம் நிரப்பு, பாப்போம்." ஐந்து குழி நிரம்பியது, கையில் இரண்டு மிச்சம். நிரம்பாத இரண்டு குழியும் மூடினது மூடினதுதான், அடுத்த ஆட்டத்தில் அதில் யாரும் காய் போடக் கூடாது. அப்பத்தா ஏழு குழியும் நிரப்பி, மிச்சம் எட்டை மடியில் வைத்துக் கொண்டார். 27-ஐ ஐந்தால் வகுத்தால் ஈவு 5, மீதி 2. பாடப் புத்தகத்தில் மிரட்டிய அந்த 'மீதி' உள்ளங்கையில் இரண்டு புளியங்கொட்டையாக வந்து உட்கார்ந்து விட்டது!

இரண்டாவது ஆட்டத்தில் பலகையில் 60 காய்தான். அதில் பேத்தி 36, அப்பத்தா 24. பழைய மிச்சத்தைச் சேர்த்தால் பேத்திக்கு 38, அப்பத்தாவுக்கு 32. இப்போது பேத்திக்கு ஏழு குழியும் திறந்து விட்டது. அப்பத்தாவுக்குத்தான் ஒரு குழி மூடியது. குழந்தை குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே!

தோற்றவரை உடனே வெளியே தள்ளாத கணக்கு இது. இருக்கிறதை வைத்துக் கொண்டு சிறிய இடத்தில் ஆடலாம், கெட்டிக்காரத்தனமாக ஆடினால் மூடிய குழியைத் திறக்கலாம். வட்டி கிடையாது. ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாமல் போனால்தான் தோல்வி. மாசக் கடைசியில் குடும்பம் நடத்துகிற நமக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இதே ஆட்டத்தின் உறவுகள் உலகத்தில் பல இடங்களில் உண்டு. மலேசியாவில் 'சோங்காக்' என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் விதவிதமாக ஆடுகிறார்கள்.

தாயம் ஏன் விழ மாட்டேன் என்கிறது?

பித்தளைத் தாயக்கட்டைக்கு நான்கு முகம். ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒரு மழை நாளில் மகளும் நானும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பார்த்தோம்:

1 (தாயம்): 16-ல் 2
2: 16-ல் 3
3: 16-ல் 4
4: 16-ல் 3
5: 16-ல் 2
6: 16-ல் 1
12 (இரண்டும் வெறுமை): 16-ல் 1

இப்போது பாருங்கள். அடிக்கடி விழுகிற 2, 3, 4-க்கு மறு ஆட்டம் கிடையாது. அபூர்வமாக விழுகிற 1, 5, 6, 12-க்கு மட்டும் 'இன்னொரு தடவை போடு' என்று விதி. அரிதாகக் கிடைப்பதற்கு அதிக மதிப்பு. பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டிமார்கள் இதைக் கண்டு வைத்திருக்கிறார்களே!

காயை இறக்கத் தாயம் வேண்டும். எட்டுக்கு ஒன்றுதான் அது விழும் என்று கணக்குச் சொல்கிறது. அதற்காக எட்டாவது தடவை கட்டாயம் விழும் என்று நினைத்து விடாதீர்கள். எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை நடக்கக் கூடியதுதான். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன முறை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. "எனக்கு மட்டும் ஏம்மா விழ மாட்டேங்குது?" என்று கண் கலங்குகிற குழந்தைக்கு இதைச் சொல்லி விளங்க வைத்தால், அழுகை குறையும்.

ஜப்பான்காரர்கள் போடும் புள்ளி

யோகோஹாமாவில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன் லீவில் வந்தபோது இதையெல்லாம் பார்த்து விட்டு, "அத்தை, அங்கே மாஜாங்னு ஒண்ணு ஆடுறாங்க. அதிலயும் இதே கதைதான்" என்று உட்கார்ந்து சொன்னான். சீனாவில் பிறந்த ஆட்டம், ஜப்பானில் தனி முறையாக வளர்ந்திருக்கிறது. நான்கு பேர், 136 வில்லைகள். நம் சீட்டில் ரம்மி சேர்ப்பது போல, மூன்று மூன்றாக நான்கு சேர்க்கையும் ஒரு ஜோடியும் சேர்த்தவர் ஜெயித்தவர். தொடக்கத்தில் ஆளுக்கு 25,000 புள்ளி, குச்சிகளாகக் கொடுத்து விடுவார்களாம்.

சும்மா சேர்த்து விட்டால் போதாது. விதியில் சொல்லியிருக்கும் ஏதாவது ஒரு விசேஷமாவது கையில் இருக்க வேண்டும். அதற்கு 'யாக்கு' என்று பெயர். அபூர்வமான யாக்குவுக்கு அதிக 'ஹான்'. ஒரு ஹான் கூடினால் தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பு. சாதாரணமான ஒரு கையில் ஒரு ஹானுக்கு 1,000 என்றால், இரண்டுக்கு 2,000, மூன்றுக்கு 3,900, நான்குக்கு 7,700. இப்படியே போனால் தோற்றவர் ஒரே ஆட்டத்தில் ஒழிந்து போவார் அல்லவா? அதனால் ஐந்தாவது ஹானில் ஒரு அணை கட்டி விட்டார்கள். அது 8,000-தான். அதன் பிறகு 12,000, 16,000, 24,000 என்று படிப்படியாகத்தான் ஏறும். மிக மிக அபூர்வமான கைக்கு 32,000. அந்தச் சுற்றின் தலைவர் ஜெயித்தால் இவை எல்லாம் ஒன்றரை மடங்கு.

யார் கொடுப்பது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெயித்தவருக்கு வேண்டிய வில்லையை அஜாக்கிரதையாகக் கீழே போட்டவர் யாரோ, அவரே முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் தானாகவே அந்த வில்லையை எடுத்திருந்தால் மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். "அதனால ஜெயிக்கிறதை விட, எதைக் கீழே போடலாம்னு யோசிக்கிறதுதான் அங்கே பெரிய வேலை" என்றான் பையன்.

புள்ளி பணமானால்

ரம்மியில் எழுத்துச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி, தோற்றவருக்கு அதிகபட்சம் 80 என்று நம் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் மாமன் மச்சான்கள் நோட்டில் எழுதி ஆடும் வரை அது வெறும் எண். 'புள்ளிக்கு ஒரு ரூபாய்' என்று ஆரம்பித்தால்? ஒரு ஆட்டத்துக்கு 80 ரூபாய்தானே என்று தோன்றும். செல்போனில் ஒரு இரவில் இப்படி 20 ஆட்டம் தோற்றால் 1,600 ரூபாய். புள்ளிக்கு ஐந்து ரூபாய் என்றால் 8,000. ஆட்டத்துக்கு வரம்பு இருக்கிறது, இரவுக்கு வரம்பு இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மிளகாய் விற்று வந்த பணம் இப்படித்தான் போயிற்று. பெண்டாட்டிக்குத் தெரிய வந்தபோது கழுத்துச் சங்கிலியும் அடகுக் கடையில் இருந்தது.

"இவ்வளவு நேரம் தோத்தாச்சு, அடுத்த ஆட்டம் வந்தே தீரும்" என்று நினைக்கிற புத்திதான் அத்தனைக்கும் காரணம். இந்த மாதிரி ஆட்டங்களைக் கட்டுப்படுத்த 2023-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் செய்தது. சட்டம் இருக்கட்டும். கட்டைக்கு ஞாபகம் இல்லை என்பதைப் பத்து வயதிலேயே திண்ணையில் தெரிந்து கொண்ட பிள்ளை, இருபது வயதில் அவ்வளவு சுலபமாக ஏமாறாது என்பது என் நம்பிக்கை.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அரைப் பரீட்சையில் கணக்கில் 100-க்கு 52 வாங்கினாள். முதல் மார்க் இல்லைதான். ஆனால் பரீட்சை அன்று காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு விட்டு, வயிற்று வலி என்ற பேச்சே இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு அது போதும்.

ஆடும் முன் கவனிக்க வேண்டியவை

* விதிகளை முதலிலேயே பேசி ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். வெட்டினால் மறு ஆட்டம் உண்டா, பசு எத்தனை காய் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது.

* புள்ளிக் கணக்கைக் குழந்தையே எழுதட்டும். தப்பாகக் கூட்டினால் திட்டாமல், "இன்னொரு தடவை எண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள்.

* காசு வைத்து ஆட வேண்டாம், மிட்டாய்கூட வேண்டாம்.

* பல்லாங்குழிக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகாக இருந்தாலும், கடித்து மென்று விழுங்கினால் கடுமையான விஷம். குழந்தை வாயில் போட்டது தெரிந்தால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். புளியங்கொட்டையே நல்லது.

* தவழும் குழந்தை உள்ள வீட்டில் புளியங்கொட்டையும் சோழியும்கூட ஆபத்துதான். மூக்கிலோ தொண்டையிலோ சிக்கிக் கொள்ளும். அது தூங்கும் நேரத்தில் ஆடுங்கள். ஆடி முடித்ததும் டப்பாவில் போடும்போது எண்ணிப் போடுங்கள். 70 வர வேண்டும். 69 என்றால், தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வேலை.