கைப்பையில் ஒளிந்த மாத்திரை

கல்யாணம் பேசும் காலத்தில் நம்மவர் விசாரிக்காத விஷயம் கிடையாது. பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். செவ்வாய் தோஷம் உண்டா என்று மூன்று ஜோசியர்களைக் கேட்கிறோம். பையனுக்கு மூக்குக் கண்ணாடி எந்த வயதில் வந்தது என்பதுகூடத் தெரிந்து போகிறது. ஆனால் பெண்ணின் கைப்பையில் காலையும் மாலையும் விழுங்கவேண்டிய மாத்திரை அட்டை ஒன்று இருக்குமானால், அதைப் பற்றி மட்டும் இரு வீட்டாரும் வாய் திறப்பதில்லை. பெண் வீட்டார் சொல்லப் பயப்படுகிறார்கள். பிள்ளை வீட்டாருக்கோ கேட்கத் தோன்றுவதில்லை. மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் அடையாற்றிலிருந்தும் மணமாகிச் செல்லும் பெண்களில் சிலர், அந்த அட்டையைப் புடவை மடிப்பிலே ஒளித்துக்கொண்டுதான் புகுந்த வீட்டில் அடியெடுத்து வைக்கிறார்கள்.

பெரும்பாலும் அது வலிப்பு நோய்க்கான மாத்திரை. காக்காய் வலிப்பு என்று சொல்லி, விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே ஒழிந்தபாடில்லை. இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை. மாத்திரையினால் பெரும்பாலோருக்கு நிற்கிறது. சட்டமும் நெடுங்காலம் சாவிக்கொத்தின் பக்கமே நின்றது. 1955-ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டம், சித்தப் பிரமையோடு வலிப்பையும் சேர்த்து விவாகத்துக்குத் தடையென்று வைத்திருந்தது. 1999-ஆம் ஆண்டில்தான் பார்லிமெண்டு அந்தச் சொல்லை நீக்கிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து போன சொல் சம்பந்திகளின் மனத்திலிருந்து இன்னும் போகவில்லை. ஆகவேதான் ஒளிவு. அந்த ஒளிவினால் நேரும் ஆபத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

வலிப்பு மருந்துகளுள் வால்ப்ரோயேட் என்பது ஒன்று. அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. பிரான்ஸ் தேசத்தில் 1960-களின் தொடக்கத்தில் பியேர் எய்மார் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் வேறு சில சரக்குகளைக் கரைப்பதற்கு இந்தத் திரவத்தை உபயோகித்தார். எதைக் கரைத்துக் கொடுத்தாலும் வலிப்பு நின்றது! கரைக்கப்பட்ட சரக்கில் அல்ல, கரைத்த திரவத்திலேயே குணம் இருக்கிறதென்று பிறகுதான் விளங்கிற்று. 1967-இல் அங்கே விற்பனைக்கு வந்து, பிறகு உலகெங்கும் பரவிற்று. விலை மலிவு, பல வகை வலிப்புக்கும் கேட்கும் என்பதனால் நம் நாட்டு வைத்தியர்களும் அதைத் தாராளமாக எழுதிக் கொடுத்து வந்தார்கள். 1982-இல் அதே பிரான்ஸில், லியோன் நகரத்திலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்தது. இம்மருந்தை உட்கொண்ட தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் முதுகெலும்பு மூடாத குறை வழக்கத்துக்கு மிஞ்சிக் காணப்பட்டது. பிறகு நடந்த ஆராய்ச்சிகளின் முடிவு இது: சாதாரணமாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பெரிய அங்கக் குறை இருக்குமானால், வால்ப்ரோயேட் உண்ட தாயின் நூறு குழந்தைகளில் சுமார் பத்துக்கு இருக்கிறது. பார்வைக்கு யாதொரு குறையுமின்றிப் பிறக்கும் குழந்தைகளிலும், நூற்றுக்கு முப்பது நாற்பது பேர் பேச்சிலும் படிப்பிலும் பின்தங்கி விடுகிறார்கள். 2018-இல் பிரிட்டிஷ் சர்க்கார், கர்ப்பத்தடை ஏற்பாடு ஒன்று இருந்தாலன்றிக் கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்று விதித்தது.

"கர்ப்பம் தரித்தவுடன் மருந்தை மாற்றிக்கொண்டால் போகிறது" என்று சொல்பவர் உண்டு. இங்கேதான் மோசம் போகிறோம். சிசுவின் முதுகுத் தண்டு மூடிக்கொள்வது கரு உண்டான இருபத்தெட்டு நாட்களுக்குள். அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் "நாள் தள்ளியிருக்கிறதா?" என்று கேட்டு, டாக்டரிடம் போக நல்ல நாள் பார்க்கும்போது, ஆகவேண்டிய தீங்கு ஆகிவிட்டிருக்கும்.

ஒளிவின் மற்றொரு விளைவு இதனினும் கொடிது. புகுந்த வீட்டில் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று, அல்லது வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் என்று எங்கோ கேள்விப்பட்டு, பெண் தானாகவே மாத்திரையை நிறுத்தி விடுகிறாள். ஓரிரு வாரத்தில் வலிப்பு திரும்புகிறது. கிணற்றடியிலோ அடுப்பங்கரையிலோ தெருவிலோ திரும்புகிறது. சிலருக்கு ஓயாத வலிப்பாக வந்து உயிரையே குடித்து விடுகிறது. மருந்து சிசுவுக்கு ஆபத்து. மருந்தில்லாமை தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழி ஒன்றே: தக்க மருந்தும் தக்க காலமும் கூடும் வரையில் கருத்தரிப்பதைத் தள்ளிப் போடுவது.

கர்ப்பத்தடை என்றதும் முகம் சுளிக்கும் நேயர்கள் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். அடையாற்றில் 1933-இல் கண்மூடிய அன்னி பெஸண்ட் அம்மையார், 1877-இல் லண்டனில் கர்ப்பத்தடையைப் பற்றிய புத்தகம் ஒன்றை வெளியிட்டதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். தண்டனை அப்பீலில் தள்ளுபடியாயிற்று. ஆனால் அவருடைய பெண் குழந்தையைக் கோர்ட்டார் அவரிடமிருந்து பிரித்துவிட்டனர். பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்த பிறகு அம்மையார் தம் பழைய கருத்தை விட்டுவிட்டார் என்பது வேறு கதை. சென்னையில் ஹைக்கோர்ட்டு நீதிபதியாயிருந்த ஸர் வேப்பா ராமேசம் முதலியோர் இதற்கென்றே ஒரு சங்கம் நடத்தினார்கள். 1935 டிசம்பரில் மார்கரெட் ஸாங்கர் அம்மையார் வார்தாவுக்கு வந்து வாதாடியபோது, காந்தியடிகள் புலனடக்கம் ஒன்றே போதும் என்றார். ஈ. வெ. ராமசாமியோ பெண்ணின் சுதந்திரத்துக்கே அது வேண்டும் என்று எழுதினார். அவர்கள் வழக்காடியது வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குறித்து. நாம் பேசும் பெண்ணுக்கு அந்த வழக்கே இல்லை. அவள் பிள்ளை வேண்டாமென்று சொல்லவில்லை. நல்லபடியாக வேண்டும் என்கிறாள்.

நிற்க. எந்த முறை நல்லது? நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் வைத்தியர் இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாததனால் விளையும் ஒரு விபரீதத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். நரம்பு வைத்தியர் ஒரு மாத்திரை எழுதுகிறார். வேறொரு நாள் வேறொரு தெருவில் லேடி டாக்டர் கர்ப்பத்தடை மாத்திரை எழுதுகிறார். கார்பமாஸெபின், பெனிடோயின், பீனோபார்பிடோன் ஆகிய வலிப்பு மருந்துகள் ஈரலைத் தூண்டிவிட்டுக் கர்ப்பத்தடை மாத்திரையின் சத்தைச் சீக்கிரமாகக் கரைத்து விடுகின்றன. பெண் ஒரு நாளும் தவறாமல் இரண்டையும் விழுங்கியும் கருத்தரித்து விடுகிறாள். "நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டாய்" என்று பழி வேறு. காச நோய்க்கான ரிபாம்பிசினும் இதே வேலையைச் செய்கிறது. 1956 முதல் சேத்துப்பட்டில் நடந்த ஆராய்ச்சியின் பயனாகவே, சானடோரியத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடியே காசத்துக்கு மருந்துண்ணலாம் என்று உலகம் அறிந்தது. அப்படி வீட்டிலிருந்து மருந்துண்ணும் பெண்களுக்கு இதையும் யாராவது சொல்லவேண்டாமா?

லாமோட்ரிஜின் என்ற மருந்தில் கதை தலைகீழ். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கர்ப்பத்தடை மாத்திரையே அம்மருந்தின் அளவை இரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து வலிப்பை அழைத்து வருகிறது. வால்ப்ரோயேட்டும் லெவெடிராஸெட்டமும் கர்ப்பத்தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. ஆனால் வால்ப்ரோயேட் உண்பவள் ஒரு நாள் மாத்திரையை மறந்தால் அதற்கு ஈடு செய்வது யார்? ஆதலால்தான் மறதிக்கு இடமில்லாத முறைகளை வைத்தியர்கள் முதலில் வைக்கிறார்கள். காப்பர்-டி எந்த மருந்தோடும் சண்டைக்குப் போவதில்லை. ஒரு முறை வைத்தால் ஒரு வகை பத்து ஆண்டு, இன்னொரு வகை ஐந்து ஆண்டு நிற்கும்; முதல் ஆண்டில் நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தவறுவதில்லை; சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வைக்கிறார்கள். பிள்ளை பெறாதவளுக்கு வைக்கக்கூடாது என்று சொல்வது பழங்கதை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடும் ‘அந்தரா’ ஊசியையும் வலிப்பு மருந்துகள் கெடுப்பதில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் தாமதமாகலாம் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

நோய்க்கு நோய் கணக்கு மாறும். இருதயத்தில் செயற்கை வால்வு வைத்து வார்பரின் உண்பவளுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகாது, இரத்தம் உறையும். காப்பர்-டி வைத்தால் மாதவிலக்கில் இரத்தப் போக்கு மிகும். ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனமே பொருத்தம் என்பர். மார்பகப் புற்றுக்காகத் தமாக்ஸிபென் உண்ணும் இளம் பெண்ணுக்கு ஹார்மோன் எதுவும் கூடாது, காப்பர்-டி கூடும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தைப் போன்ற இடங்களில், உயிர் பிழைப்பதே பெரிதாயிருக்கும் வேளையில் இந்தக் கேள்வியைக் கேட்கப் பெண்களுக்கு நாக் கூசும். ஆயினும் கேட்கத்தான் வேண்டும். தியாகராய நகரில் முகப்பருவுக்காக ஐஸோட்ரெடினாயின் வாங்கிப் போகும் கல்லூரிப் பெண்ணோ, கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டென்பதையே அறியாள். சிசுவின் மூளையையும் இருதயத்தையும் குலைக்கும் மருந்து அது. உண்ணும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கலாகாது.

நம் ராஜ்யத்தின் வழக்கம் ஒன்று இவ்விஷயத்தில் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அறுவை செய்து கொண்டிருக்கிறார்கள். ஆண்களோ, இதில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று இருக்கிறார்கள். இரண்டு பெற்ற பிறகு ஆபரேஷன் என்பது நமக்குப் பாடமாயிருக்கிறது. முதல் குழந்தைக்கு முன்னால் ஒன்றிரண்டு ஆண்டு காத்திருப்பது மட்டும் பாடத்தில் இல்லை. கல்யாணமான ஆறாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் அத்தைமார்கள் முன்னால் காப்பர்-டி வைத்துக்கொள்ளப் பெண்ணுக்குத் துணிச்சல் ஏது? தவறு நேர்ந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் உண்ணும் அவசர மாத்திரையும் சென்னை மருந்துக் கடைகளில் அரிதாகவே கிடைக்கிறதென்று பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. கிடைத்தாலும், முன்னே சொன்ன ஈரலைத் தூண்டும் மருந்துகள் அதனையும் வலுவிழக்கச் செய்யும். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி வைப்பதே அப்போதும் உறுதியான வழி.

இவ்வளவும் படித்து வலிப்புள்ள பெண்ணுக்குப் பிள்ளைப் பேறே ஆகாதென்று யாரும் எண்ண வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் 1998 முதல் இத்தகைய தாய்மார்களின் கர்ப்பங்களைப் பதிவு செய்து வருகிறார்கள். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அங்கக் குறையில்லாத குழந்தைகளையே பெற்றிருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கால அவகாசம் வேண்டும். பிள்ளை வேண்டுமென்று தீர்மானித்தால், ஆறு மாதமாவது முன்னதாகக் கணவனும் மனைவியுமாக நரம்பு வைத்தியரிடம் போகவேண்டும். வால்ப்ரோயேட்டை மெல்ல மெல்லக் குறைத்து, தகுமானால் லாமோட்ரிஜினோ லெவெடிராஸெட்டமோ ஏற்றி, புது மருந்தில் வலிப்பு வராமல் இருக்கிறதா என்று சில மாதம் பார்ப்பார். இதற்கிடையே வைத்தியர் சொல்லும் அளவில் போலிக் அமில மாத்திரையைத் தொடங்க வேண்டும். அதன் விலை ஒரு முழம் மல்லிகைப் பூவின் விலைகூட ஆகாது. காப்பர்-டியை எடுக்கச் சொல்லிப் போவது, இத்தனையும் ஆன பிறகு.