நண்டு வளையும் நாட்டுப் பொருளாதாரமும்



குளக்கட்டு உடைந்ததும் பலர் வெள்ளத்தைக் குறை கூறுவர். வன்னி வயற்காரரோ நண்டு வளையைத் தேடுவார். சிறு கசிவு பல மாரிகளைக் கடந்தே கட்டைச் சரிக்கும் என்பதை அவர் அறிவார். ஊழல் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை அரிப்பதும் இவ்வாறே.

2015 பெப்ரவரி 27 ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, 30 ஆண்டுத் தவணையுள்ள திறைசேரிப் பிணைமுறிகளை ஏலத்தில் விட்டது. பிணைமுறி என்பது குடிமக்கள் பெயரால் அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரமாகும். குறைந்த வட்டி கேட்போரின் மனுவே முதலில் ஏற்கப்படும். கடன் தொகை பெருகப் பெருக, கூடிய வட்டி கேட்போரையும் ஏற்க நேரும். அன்று 100 கோடி ரூபாவுக்கே அறிவித்தல் விடப்பட்டது. ஏற்கப்பட்டதோ ஏறத்தாழ 1,000 கோடி. அதனை ஆராய்ந்த ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு, 2017 இறுதியில் தன் அறிக்கையைக் கையளித்தது. பிணைமுறிக் கொடுக்கல் வாங்கல்களால் ஊழியர் சேமலாப நிதி முதலிய அரச நிறுவனங்கள் 850 கோடி ரூபா அளவில் நட்டமடைந்தன என அது கண்டது.

அந்நிதி யாருடையது? ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவரும் கடையில் கணக்கெழுதுபவரும் முதுமைக்கெனச் சேர்த்தது. களவு ஒரு நாளில் முடியும். அதன் வட்டி ஒரு தலைமுறையைத் தொடரும்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. வட்டி மிகுந்தால் வரி மிகும். அல்லது புதுக்கடன் வரும். தகுதியால் வெல்ல முடியாதெனக் கண்ட நேர்மையான முயற்சியாளர் முதலிடத் தயங்குவர். தொழில் குன்றும், திறைசேரி வருமானமும் குன்றும்.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. வரிக்குறைப்பு, பெருந்தொற்று, அளவிறந்த கடன் எனக் காரணங்கள் பல. ஊழலும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டில் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றனர். அவர்களுள் எவரும் பிணைமுறி ஏலத்தைக் கண்டவரல்லர். விலை கொடுத்தவர் அவர்களே.

சட்டம் இல்லாமையா குறை? இலஞ்சச் சட்டம் 1954 இலேயே வந்தது. 2023 இல் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் வந்தது. கேள்வி கேட்க, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகனுக்கு இடமளிக்கிறது. தம் ஊர் வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என எவரும் எழுதிக் கேட்கலாம்.

வளையைக் கண்ட அன்றே அடைத்தால் ஒரு கூடை மண் போதும். கட்டு உடைந்தபின் ஊரே திரண்டாலும் அவ்வாண்டு விளைச்சல் மீளாது.