மறைத்து உண்ணும் மாத்திரை



1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்னும் மருத்துவர் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் மருந்தைச் செலுத்தி வியத்தகு பயன் கண்டார். 1950-இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஸ்டீராய்டு மருந்துகளின் காலம் அன்று பிறந்தது. அளவறிந்து உண்டால் இவை உயிர் காக்கும். அளவு மிஞ்சினாலோ முகம் உருண்டு வீங்கும், நீரிழிவு தோன்றும், எலும்பு நொய்ந்து போகும்.

இக்கேட்டினைத் தாமே தேடிக்கொள்வோரும் உளர் என்றால் நம்புவது அரிது. மாத்திரையை இரகசியமாக உண்டு, நோய்க்குறிகளை வருவித்துக்கொண்டு, மருத்துவமனை தோறும் அவர்கள் அலைகின்றனர். பணமோ விடுப்போ அவர்கள் நோக்கமன்று. நோயாளிக்குக் கிட்டும் பரிவையே அவர்தம் உள்ளம் நாடுகிறது. இத்தகையோரை 1951-இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு ஆஷர் ஆராய்ந்து, கட்டுக்கதைகளால் பெயர் பெற்ற முன்ச்சௌசன் பிரபுவின் பெயரை அந்நோய்க்கு இட்டார்.

உண்மை எவ்வாறு வெளிப்படுகிறது? மாத்திரை உள்ளே செல்லச் செல்ல, சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் தம் பணியை நிறுத்தி உறங்கிவிடுகின்றன. உடலிலோ ஸ்டீராய்டு மிகுதியின் அடையாளங்கள். இரத்தச் சோதனையிலோ பெரும்பாலும் இயற்கைச் சுரப்பின் குறைவு! இம்முரண்பாடே மருத்துவருக்கு முதல் தடயம். சிறுநீரை நுட்பமாக ஆராய்ந்தால் மருந்தே அகப்பட்டுவிடும். இது புலப்படாமையால் வேண்டாத அறுவைச் சிகிச்சைக்கு ஆளானோரும் உண்டு.

ஆயினும் வீங்கிய முகம் கண்ட மாத்திரத்தில் எவரையும் ஐயுறலாகாது. திருப்பனந்தாள் வட்டாரத்தைப் போன்ற நெல் வயல்களில் நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் தாய்மார், மூட்டு வலிக்கெனப் பெயரில்லாப் பொட்டலத்தில் கிடைத்ததை விழுங்கினால், அதனுள் ஸ்டீராய்டு இருப்பதை எங்ஙனம் அறிவர்? இம்மாத்திரைகளை மருத்துவரின் சீட்டின்றி விற்றலாகாது என்பது சட்டம்.

அறிந்து உண்டவராயினும் அறியாது உண்டவராயினும், ஆபத்து ஒன்றே. நெடுநாள் உண்டதைத் திடீரென நிறுத்தினால், உறங்கும் சுரப்பி உடனே விழித்தெழாது. இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். எனவே, பெற்றோரே, பிள்ளைகளே, மறைத்த மாத்திரையைக் கண்டதும் சினந்து பிடுங்கி எறியாதீர். “நடிக்கிறாள்” என்று ஊரறியத் தூற்றாதீர். மாத்திரை உறையுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் சிறிது சிறிதாகக் குறைப்பார். மனநல மருத்துவரின் துணையும் வேண்டுங்கள். நோயுற்றால்தான் அன்பு கிட்டும் என்று எண்ணும் உள்ளத்திற்கு, நலமாயிருக்கும் நாளிலும் அன்பு உண்டு என்று காட்டுவது குடும்பத்தின் கடன் என்போம்.