அந்த வரி எந்தப் புத்தகத்தில் இருந்தது?

ஆய்வேடு எழுதுகிற யாரைக் கேட்டாலும் ஒரு கட்டத்தில் இதைச் சொல்வார்கள்: "எங்கேயோ படிச்சேன் சார், எங்கேன்னுதான் ஞாபகம் வரல." கணினியில் நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் கிடக்கும், பாதிக்குப் பெயரே இருக்காது, வெறும் எண்கள்தான். குறிப்புகள் நோட்டில் கொஞ்சம், வேர்டு ஃபைலில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது கொஞ்சம். சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது யாரோ சொல்லி ஜொட்டேரோ என்ற மென்பொருளை இறக்குவார்கள், துணைநூற்பட்டியல் போட. பட்டியல் அழகாக வந்துவிடும். அந்த வரி மட்டும் கிடைக்காது.

ஆறஅமர டீயோடு பேச வேண்டிய விஷயம் இது. ஜொட்டேரோ 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் ஒன்றிலிருந்து வந்தது. காசு கிடையாது. வரலாற்றுக்காரர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்டது என்பதால் குறிப்பெடுக்கும் வசதி ஆரம்பத்திலிருந்தே அதில் உண்டு. நம்மில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

தலைப்பு தமிழ்நாட்டு ஏரிப் பாசனம் என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று ஆதாரங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு: ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்ததைச் சொல்வது. 1858-ல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம். டேவிட் மோஸ் 2003-ல் வெளியிட்ட 'தி ரூல் ஆஃப் வாட்டர்'. இவற்றை எந்த ஃபோல்டரில் போடுவது? முதல் இயல் 'சோழர் காலம்', மூன்றாம் இயல் 'காலனிய ஆட்சி' என்று பிரித்தால் இரண்டையும் பேசும் மோஸ் எங்கே போவார்?

இரண்டிலும் போடலாம். ஜொட்டேரோவின் கலெக்‌ஷன் என்பது பாட்டு கேட்கும் ஆப்பில் உள்ள பிளேலிஸ்ட் மாதிரி. ஒரே பாட்டு நாலு பட்டியலில் இருக்கும், பிரதி ஒன்றுதான். ஒரு புத்தகம் எந்தெந்தக் கலெக்‌ஷனில் இருக்கிறது என்று மறந்துவிட்டால், விண்டோஸில் அதைத் தேர்ந்து கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடியுங்கள். இருக்கும் இடமெல்லாம் பளிச்சென்று காட்டும். ஒரு எச்சரிக்கை: கலெக்‌ஷனிலிருந்து நீக்குவது வேறு, குப்பைத் தொட்டிக்கு அனுப்புவது வேறு. மெனுவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

டேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூலகத் தளங்களிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் டேக்குகளை செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள். உங்களுடையது பத்துப் பதினைந்து போதும். ஊரே சேர்ந்து செய்யும் ஏரி மராமத்துக்கு 'குடிமராமத்து', 'குடி மராமத்து', ஆங்கிலத்தில் ஒன்று என்று மூன்றாகப் பெருகியிருந்தால், ஒன்றின் பெயரை மற்றதாக மாற்றினாலே இரண்டும் சேர்ந்துவிடும்.

இனிதான் விஷயம். 2022-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை ஜொட்டேரோவுக்குள்ளேயே திறந்து கோடிடலாம். கோடிட்டு முடித்ததும், அந்தக் கோடுகளையெல்லாம் திரட்டி ஒரே குறிப்பாக்கும் வசதி உண்டு. ஒவ்வொரு மேற்கோளின் முடிவிலும் நூலாசிரியர் பெயரும் பக்க எண்ணும் தானாக ஏறும். அதைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்கே போகலாம். தமிழ்ப் பிடிஎஃப்பில் ஒரு வம்பு: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால், கோடிட்ட வரி குறிப்பில் வெறும் கிறுக்கலாக வந்து நிற்கும். அப்போது வரியை விட்டுவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போடும் கருவியை எடுங்கள். அது படமாகக் குறிப்புக்குள் வரும். ஸ்கேன் செய்த பழைய நூல்களுக்கும் இதே வழிதான். கூடவே உங்கள் சொற்களில் ஒரு வரி தட்டி வையுங்கள், இல்லையென்றால் தேடும்போது படம் அகப்படாது.

இப்படி வரும் குறிப்பு அந்தப் புத்தகத்தின் அடியில், அதன் பிள்ளையாக உட்காரும். புத்தகத்தை அழித்தால் குறிப்பும் சேர்ந்து போகும். அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது என்பதற்கு அது போதும். இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் உங்களுக்குத் தோன்றும் யோசனையை எங்கே வைப்பது? வலப்பக்கத்தில் 'ரிலேட்டட்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மோஸையும் 1858 சட்டத்தையும் இணைத்துவிட்டால், இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தாவலாம். ஏன் இணைத்தீர்கள் என்று அது கேட்காது. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் உங்களுக்கே தெரியாது.

அதனால் காரணத்தை எழுத வேண்டும். எந்தப் புத்தகத்தின் அடியிலும் சேராத தனிக் குறிப்பாக. இந்த மாதிரி:

"ஏரி மராமத்தை ஊரே வழக்கமாகச் செய்துவந்தது என்றால், அந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க 1858-ல் என்ன அவசியம்? அரசும் அதிகாரமும் இல்லாமல் ஏரிப் பராமரிப்பைப் பேச முடியாது என்று மோஸ் வாதிடுவதோடு இது பொருந்துகிறதா? ஏரி வாரியத்தை அமைத்த உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களுடையது; எல்லா ஊருக்கும் அதைப் பொருத்தலாமா?"

மூன்றே கேள்விகள். ஆனால் ஓர் இயலின் முதுகெலும்பு இதில் இருக்கிறது. ஆதாரம் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் குறிப்புக்குள்ளேயே மேற்கோள் சுட்டியைப் பக்க எண்ணோடு செருகிவிட்டு, பிறகு வேண்டுமானால் 'ரிலேட்டட்' போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் இதைத் துண்டுச்சீட்டுகளில் செய்தார். ஏறக்குறைய 90,000 சீட்டுகள். இப்போது பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், தொடர்புள்ள சீட்டின் எண் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். நூல் விவரச் சீட்டுகளைத் தனியாகவும் தன் யோசனைகளைத் தனியாகவும் வைத்திருந்தார். ஜொட்டேரோவில் பிள்ளைக் குறிப்புக்கும் தனிக் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட இதுதான். லூமன் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்று ஆப் மேல் ஆப் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆய்வேடு முடியும்வரை ஒன்றிலேயே இருங்கள்.

இடம் பற்றிக் கவலை வேண்டாம். ஜொட்டேரோ தன் சர்வரில் இலவசமாகத் தரும் 300 எம்பி, பிடிஎஃப்களுக்குத்தான் போதாது. எழுத்துக் குறிப்புகள் அந்தக் கணக்கில் சேராது.

இயல் எழுத உட்காரும் நாளில் வேர்டில் ஜொட்டேரோ பட்டைக்குப் போய் 'ஆட் நோட்' என்பதைத் தட்டி, அந்தத் தனிக் குறிப்பைத் தேர்ந்தெடுங்கள். கேள்விகள் அப்படியே பக்கத்தில் வந்து இறங்கும். செருகியிருந்த மேற்கோள் சுட்டிகளும் உயிரோடு வரும், பாணியை மாற்றினால் கூடவே மாறும். "பக்க எண் எங்கேப்பா?" என்று நெறியாளர் கேட்பதற்கு முன்பே அது அங்கே இருக்கும்.